வரைபலகை: உங்கள் பூதம் என்ன சாப்பிடும்?

(கிழக்காசியப் பழங்கதைகளிலிருந்து ஒரு நல்ல ராட்சத மிருகத்தை உருவாக்கி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். தபாலில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். வாட்டர்கலர் பேப்பர் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டவர்கள் கோபிக்காமல் அடுத்த மாதம் வரை பொறுக்கவும்.)

அக்கா, விஸ்காம் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அறுபது மீட்டர் உயர டிராகன் ஒன்று வரைந்தேன். பெரிய கண், உப்பிய கன்னம், சிரித்த வாய் எல்லாம் வைத்தும் எங்கள் சார் "இது யாருக்கு ஃப்ரெண்டு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கே குறை?
– மாணவர், கோவை

உங்கள் சாரின் கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது தம்பி. படத்தோடு அனுப்பிய குறிப்பைப் படித்தேன். உயரம், நிறம், வேகம், வாயிலிருந்து வரும் மின்னல் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். அது என்ன சாப்பிடும் என்று மட்டும் எழுதவில்லை. எந்த மிருகத்தை வரைய உட்கார்ந்தாலும் நான் நோட்டில் முதல் வரியாக எழுதுவது அதன் சாப்பாட்டைத்தான். முகம் அதற்கப்புறம்.

கிழக்காசியக் கதைகளில் இதற்குப் பஞ்சமே இல்லை. கொரியாவின் ஹேத்தே நெருப்பைத் தின்னும். சோல் நகரத்தில் கியோங்போக் அரண்மனையின் குவாங்ஹ்வா வாசலுக்கு முன்னால் கல்லில் இரண்டு ஹேத்தேக்கள் உட்கார்ந்திருக்கின்றன. 1592-இல் ஜப்பான் படையெடுப்பின்போது எரிந்துபோன அரண்மனை அது. 1860-களில்தான் திரும்பக் கட்டினார்கள். தெற்கே தெரியும் குவானாக் மலையின் முகடு நெருப்புக் கொழுந்து போல இருப்பதால் அங்கிருந்து தீக்குணம் வருகிறது என்று ஒரு நம்பிக்கை. அதை விழுங்கத்தான் இந்த இரண்டும். எனக்கு அரண்மனை வாசலைவிட இன்னொரு வழக்கம் ரொம்பப் பிடிக்கும். புத்தாண்டில் கொரிய வீடுகளில் கதவுக்கு ஒரு மிருகப் படம் ஒட்டுவார்கள்: வெளிவாசலுக்குப் புலி, சாமான் அறைக்கு நாய், சமையலறைக் கதவுக்கு ஹேத்தே. அடுப்பு இருக்கும் இடத்தில் நெருப்புத் தின்பவன்! பயங்கரமான ஒரு மிருகம் ஒரே ஒரு ஒட்டுப்படத்தில் வீட்டு ஆள் ஆகிவிடுகிறது. அதற்குச் சிரிப்பு வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

சீனாவின் மோ என்ற மிருகத்துக்கு யானைத் துதிக்கை, காண்டாமிருகக் கண், மாட்டு வால், புலிக் கால். இதன் தீனி இரும்பும் செம்பும். தாங் காலத்துக் கவிஞர் பை ஜூயிக்குத் தலைவலித் தொல்லை. தூங்கும்போது தலைமாட்டில் காற்று படாமல் சின்னத் தட்டி ஒன்று வைத்துக்கொள்வாராம். அதில் ஒரு ஓவியரை விட்டு மோவை வரையச் சொன்னார். வரைந்து முடித்ததும் அவருக்கு அந்த மிருகத்தின் மேலேயே கவலை வந்துவிட்டது. நாட்டில் இருக்கிற இரும்பெல்லாம் ஆயுதமாகப் போகிறது, செம்பெல்லாம் புத்தர் சிலையாகப் போகிறது, மலையைக் குடைந்து கடைசித் துணுக்கு வரை எடுத்துவிட்டார்கள், பாவம் இந்த மோ எதைத் தின்னும் என்று எழுதி வைத்திருக்கிறார். பன்னிரண்டு நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்த மிருகத்தின் மேல் நமக்குப் பாசம் வருகிறது என்றால் காரணம் அதன் துதிக்கை அழகு அல்ல, அதன் பசி.

உங்கள் டிராகனுக்குப் பசி இல்லை. யாரிடமும் அதற்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எதுவும் தேவைப்படாத ஆளோடு எப்படிச் சிநேகம் பிடிப்பது?

ஜேஜு தீவின் சொல்முண்டே பாட்டி கதையைத் தேடிப் படியுங்கள். மண்ணைப் பாவாடை மடியில் அள்ளிக் கொட்டி அந்தத் தீவின் நடுவில் இருக்கும் ஹல்லா மலையை உண்டாக்கியவள். 1,947 மீட்டர், தென்கொரியாவிலேயே உயரமான மலை. பாவாடையில் இருந்த ஓட்டைகள் வழியாக வழியெல்லாம் சிந்திய மண்தான் தீவு முழுக்க இருக்கும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சின்ன எரிமலைக் குன்றுகளாம். பாவாடை ஓட்டை என்ற ஒரு விவரத்தில் அவள் எவ்வளவு பெரியவள், எவ்வளவு ஏழை, என்ன வேலை செய்பவள் எல்லாம் வந்துவிடுகிறது பாருங்கள். அப்புறம் அவள் ஊராரிடம் ஒரு பேரம் பேசுகிறாள். எனக்கு ஓர் உள்ளாடை தைத்துக் கொடுங்கள், பெருநிலத்துக்கு நான் பாலம் போட்டுத் தருகிறேன். அதற்கு 100 கட்டுப் பட்டு வேண்டும். தீவு முழுக்க வீடு வீடாகத் திரட்டியும் 99 கட்டுத்தான் தேறியது. பாலம் பாதியில் நின்றது. ஜோச்சோன் பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளைக் காட்டி அந்தப் பாலத்தின் தொடக்கம் இது என்று சொல்வார்கள்.

ஒரு கட்டுப் பட்டு குறைந்தது. இந்தக் கதையில் யாரும் கெட்டவர் இல்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. எனக்கு இதற்கு மேல் ஒரு ராட்சதப் பாத்திரத்தில் எதுவும் வேண்டாம். உங்கள் டிராகனுக்கு இப்படி ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டு மறுபடி வரையுங்கள். மின்னலை எடுத்துவிடலாம்.

அறுபது மீட்டர் என்று பக்கத்தில் எழுதி வைத்தாலும், ஆட விட்டுப் பார்த்தால் நாய்க்குட்டி மாதிரித்தான் தெரிகிறது. பெரிதாகத் தெரிய என்ன வழி?
– அனிமேஷன் பயிற்சியாளர், சென்னை

இரண்டு சிக்கல் இருக்கிறது. முதலாவது தலை. 1943-இல் கோன்ராட் லோரன்ஸ் என்ற விலங்கியலாளர், குழந்தை முகம் ஏன் நம்மை இளக வைக்கிறது என்று எழுதினார்: உடம்புக்குப் பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தின் கீழ்ப்பாதியில் பெரிய கண்கள், உப்பிய கன்னம். நட்பான பாத்திரம் என்றதும் எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள். வேலை செய்யும், ஆனால் அளவைத் தின்றுவிடும். பெரிய தலை, பெரிய கண் என்றாலே நம் கண்ணுக்கு அது சின்னது. திமிங்கிலத்தையும் யானையையும் நினைத்துப் பாருங்கள். உடம்போடு ஒப்பிட்டால் கண் எவ்வளவு சிறியது! ஆனாலும் யானையைக் கண்டு நாம் முகம் சுளிப்பதில்லை. ஆகவே கண்ணைச் சின்னதாக வையுங்கள். அன்பைக் கண் இமையிலும் சுற்றியுள்ள சுருக்கத்திலும் காட்டுங்கள்.

இரண்டாவது கால். உயரத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் எடை எட்டு மடங்கு ஆகும், எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். கலிலியோ 1638-இலேயே இதை எழுதிவிட்டார். அதனால்தான் யானைக்குத் தூண் கால், அதனால்தான் அது குதிப்பதில்லை. கதைக்கு இயற்பியல் கட்டுப்படாது, சரி. ஆனால் பார்க்கிறவர் கண் கட்டுப்படும். எங்கள் தெருக் கோயில் யானையைக் குளிப்பாட்டும்போது நான் நோட்டோடு போய் நின்றுவிடுவேன். மற்றவர்கள் தும்பிக்கையைப் பார்ப்பார்கள், நான் பாதத்தை. எடை இறங்கும்போது பாதம் பக்கவாட்டில் பிதுங்கி அகலமாகும், தூக்கினால் சுருங்கிக்கொள்ளும். நகத்துக்கு மேலே தோல் மடிப்பு மடிப்பாக வந்து விழும். பாகன் தேங்காய் நாரால் நகத்திடுக்கைத் தேய்க்கும்போது அது காலை முன்பக்கம் மடித்து, தானாகவே உயர்த்திக் கொடுக்கும், பொறுமையாக. அந்த ஒரு அசைவில் எடையும் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. உங்கள் மிருகத்துக்கு அந்தப் பாதத்தைத் திருடிக்கொள்ளுங்கள்.

ஆட விடும்போது வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தொங்கிக்கொண்டு ஆடுகிற எதுவும் நீளம் கூடக் கூட மெதுவாகும், நீளத்தின் வர்க்கமூல அளவுக்கு. 1.7 மீட்டர் மனிதனைவிட உங்கள் மிருகம் ஏறக்குறைய 36 மடங்கு உயரம். ஆக 6 மடங்கு மெதுவாக நடக்க வேண்டும். நாம் ஒரு நொடியில் இரண்டு எட்டு வைக்கிறோம் என்றால், அதற்கு ஆறு நொடி. நொடிக்கு 24 படம் வீதம் 144 படம். உங்கள் கோப்பைத் திறந்து பார்த்தேன், 24 படத்தில் நடக்க விட்டிருக்கிறீர்கள். நாய்க்குட்டியாகத்தான் தெரியும். ஜப்பானில் ரப்பர் உடுப்பு மாட்டிய ஆளை வைத்து ராட்சத மிருகப் படம் எடுத்தவர்களும் இதே காரணத்துக்காகத்தான் கேமராவை வேகமாக ஓட விட்டு எடுத்து, திரையில் மெதுவாகக் காட்டினார்கள்.

அப்புறம் பக்கத்தில் நமக்கு அளவு தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். கட்டடம் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் வைக்கிறார்கள். கொம்பில் கொடி கட்டி யாராவது துணி உலர்த்தட்டும்.

ராட்சதனுக்குக் கோரைப்பல் வைக்கலாமா? நல்ல மிருகம் என்றால் பல் தெரியக்கூடாது என்கிறாள் என் தோழி.
– வாசகி, திருச்சி

தாராளமாக வையுங்கள். ஹேத்தேக்கே முழித்த கண்ணும் பல்லும் உண்டு. சீனாவில் இதன் மூதாதையான ஒற்றைக் கொம்பு மிருகம், வழக்கில் பொய் சொல்பவனைக் கண்டுபிடித்து முட்டும். கொரியாவில் ஜோசன் ஆட்சிக் காலத்தில் அதிகாரிகளின் தவறுகளைக் கண்காணித்த துறையின் தலைவர் உடுப்பில் இந்த மிருகத்தைத்தான் சின்னமாகத் தைத்தார்கள். வாசலில் நிற்கும் காவலன் வெளியே இருப்பவனைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறான். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தோழியிடம் சொல்லுங்கள், மிருகத்தை முதுகுப் பக்கமிருந்து வரைந்தால் பல் தெரியாது, பாதுகாப்பு மட்டும் தெரியும்.

மகனுக்கு நான்கு வயது. பூதம், ராட்சதன் என்றாலே ராத்திரி வீறிட்டு எழுந்துகொள்கிறான். அவனுக்காக ஒரு நல்ல பூதம் வரைய ஆசை. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– ஒரு அம்மா, திருப்பூர்

பக்கு. மேலே சொன்ன சீன மோதான் கடல் தாண்டி ஜப்பானுக்குப் போய்ப் பக்கு ஆனது. அங்கே இரும்பை விட்டுவிட்டுக் கெட்ட கனவைத் தின்ன ஆரம்பித்தது. புத்தாண்டில் நல்ல கனவு வர வேண்டும் என்று தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளும் செல்வக் கப்பல் படத்தின் பாயில் அதன் பெயரை எழுதுவார்கள். கெட்ட கனவு கண்டு விழித்தால் "இந்தக் கனவைப் பக்குவுக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வது அங்கே ஒரு வழக்கம்.

இதில் நான் கவனித்தது, பையனுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. தைரியமாக இரு என்று அவனிடம் சொல்ல வேண்டாம். பசியோடு காத்திருக்கும் ஒருவனுக்கு அவன் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான். படம் வரையும்போது பக்குவின் வாயைத் துதிக்கைக்கு அடியில் ஒளித்துவிடுங்கள். சிங்கப்பூர் நைட் சஃபாரியில் மலேயா டேபிர் என்ற மிருகத்தைப் பார்த்தேன். மூக்கு நுனி எந்நேரமும் துழாவிக்கொண்டே இருக்கிறது. முகத்தில் வேறு எதுவும் அசையவில்லை. முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளைப் போர்வை போட்ட மாதிரி உடம்பு. அதன் வீடியோவைப் பையனோடு உட்கார்ந்து பாருங்கள், பிறகு பக்குவை அந்த மூக்கோடு வரையுங்கள். உடம்பு வீட்டைவிடப் பெரிதாக இருக்கலாம், ஜன்னல் வழியாக மூக்கு மட்டும் உள்ளே வரட்டும்.

கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் நல்ல கனவையும் சேர்த்துத் தின்றுவிடும் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை ஏழெட்டு வயதில் சொன்னால் போதும்.

சீன டிராகன் தலை, ஜப்பான் உடம்பு, கொரிய வால் என்று கலந்து ஒரே மிருகமாக்கினேன். தவறா?
– ஓவிய ஆசிரியை, புதுச்சேரி

தவறு என்று சொல்ல மாட்டேன், சோம்பல் என்பேன். இந்த மிருகங்கள் நாடு விட்டு நாடு போனவைதான். ஆனால் போன இடத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை கிடைத்தது. மோ கனவு தின்னப் போனது. பொய்யனை முட்டியது நெருப்பு விழுங்கப் போனது. இரும்பு தின்னும் பழக்கம் கொரியாவில் புல்காசாரிக்கு வந்தது. சோற்றுப் பருக்கையை உருட்டிச் செய்த சின்னப் பொம்மை, முதலில் தையல் ஊசியைத் தின்று, பிறகு வீட்டு இரும்பு, ஊர் இரும்பு என்று தின்று தின்று மலையாக வளர்ந்த கதை அது. தலையையும் வாலையும் வெட்டி ஒட்டினால் இந்த வேலைகள் எல்லாம் காணாமல் போய்விடும்.

ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நில்லுங்கள். சின்ன விவரங்கள் அங்கேதான் கிடைக்கும். சீனப் பேரரசருக்கு உரிய டிராகனுக்கு ஐந்து நகம். ஜப்பான் ஓவியங்களில் பெரும்பாலும் மூன்று. எண்ணிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் உங்கள் மிருகத்தின் நெற்றியில் சீன எழுத்து மாதிரி ஏதோ கிறுக்கியிருக்கிறீர்கள். தயவுசெய்து அழித்துவிடுங்கள். யாரோ நம் தமிழைத் தலைகீழாக எழுதிச் சட்டையில் அச்சடித்து விற்றால் நாம் என்ன சொல்வோம்?

பக்குவைப் பார்த்தால் நம் கோயில் யாளி மாதிரியே இருக்கிறதே!
– வாசகர், கும்பகோணம்

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஜப்பானின் நிக்கோ நகரத்தில், அந்நாட்டை ஆண்ட டோகுகாவா இயேயாசுவுக்குக் கட்டிய டோஷோகு ஆலயத்தில் மரத் தூண் தலைப்பிலிருந்து துருத்திக்கொண்டு பக்கு முகங்கள் நிற்கும். நம் மண்டபத் தூணில் யானைத் துதிக்கை யாளி நிற்கிற தோரணை. அண்ணன் தம்பி என்று நிரூபிக்கக் கிளம்ப வேண்டாம். யாளி வரைந்து பழகிய கைக்குப் பக்கு சீக்கிரம் வரும், அந்த லாபம் போதும்.

என்ன நிறம் கொடுப்பது?
– வாசகர், சேலம்

அது தின்கிறதன் நிறத்தைக் கொடுக்காதீர்கள், அது மட்டும்தான் என் பயம். நெருப்புத் தின்பவனுக்குச் சிவப்பு என்று வந்த படங்கள் ஒரு கட்டு என் மேஜையில் கிடக்கின்றன. சோல் நகராட்சி 2024-இல் தன் ஹேத்தே சின்னத்தை இளஞ்சிவப்பில் புதிதாக வரைந்து விட்டது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, இப்போது பழகிவிட்டது.

என் பூதம் ரொம்ப நல்லது. ஆனால் ஊருக்குள்ள வந்தா வீடெல்லாம் உடைஞ்சிடும். எங்கே தங்க வைக்கிறது?
– நான்காம் வகுப்பு மாணவி, விருதுநகர்

நல்ல கேள்வி கண்ணு. பெரியவர்கள் யாருமே இதைக் கேட்கவில்லை.

ஜப்பானில் டைடராபோச்சி என்று ஒரு ராட்சதன். ஃபூஜி மலையைக் கட்ட மண் தோண்டினான், தோண்டின பள்ளம் பிவா ஏரி ஆகிவிட்டது என்று ஒரு கதை. நடந்த இடமெல்லாம் கால் தடம் குளமாகிவிடும். இப்படிப்பட்டவன் ஊருக்குள் எப்படி வருவான்? எட்டாம் நூற்றாண்டில் எழுதின ஹிட்டாச்சி நாட்டுக் குறிப்பில் இதே மாதிரி ஒரு ராட்சதன் வருகிறான். அவன் மேட்டிலேயே உட்கார்ந்துகொள்வான், கையை மட்டும் நீட்டிக் கடற்கரையில் சிப்பி பொறுக்கித் தின்பான். தின்றுவிட்டுப் போட்ட ஓடு குவிந்து மேடாகிவிட்டதாம். அந்தச் சிப்பி மேடு மிட்டோ நகரத்தில் இன்றும் இருக்கிறது. உண்மையில் அது ரொம்பப் பழங்காலத்து மனுஷர்கள் சாப்பிட்டுப் போட்டது. பக்கத்தில் 15 மீட்டர் உயரத்துக்கு ராட்சதன் சிலையும் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே உன் பூதத்தை ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் உட்கார வை. கை மட்டும் ஊருக்குள் வரட்டும். அந்தக் கையில் யார் என்ன வைப்பார்கள், அது திருப்பி என்ன கொடுக்கும் என்று நீ யோசித்து எழுது. அந்தப் பழைய குறிப்பில் ராட்சதனின் கால் தடம் எவ்வளவு நீளம், அகலம் என்று அளவு போட்டிருக்கிறார்கள். அதோடு அவன் மூத்திரம் பெய்து உண்டான குழிக்கும் அளவு போட்டிருக்கிறார்கள். அதையும் வரைவதானால் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரை.